மலைச்சரிவில் உழவாரம்

திருநாவுக்கரசு சுவாமிகள் திருக்கரத்தில் ஏந்திய உழவாரப்படையைச் சைவ நன்மக்கள் யாவரும் அறிவர். திருமுற்றத்தும் திருவீதியினும் முளைத்த புல்லையும் பூண்டையுஞ் செதுக்கி, அடியார் நடந்து வழிபடுதற்கு இடஞ்செய்தலே அப்படையின் பயன். சரியைத் தொண்டிற்கும் தாசமார்க்கத்திற்கும் அவரையே எடுத்துக்காட்டாக ஆன்றோர் கூறுவர். இத்தொண்டினை இக்காலத்தும் பல ஊர்களில் அன்பர் குழாங்கள் திங்கள்தோறும் ஒன்றுகூடிச் செய்து வருகின்றன. அது மகிழ்தற்குரியது. ஆயின், தளமிட்ட முற்றத்திற் புல்லைச் செதுக்குதல் வேறு. செங்குத்தான மலைச்சரிவிற் புதரை அகற்றுதல் வேறு. முன்னதற்கு அன்பும் உடலுழைப்பும் போதும். பின்னதற்கு அவற்றொடு மண்ணியல்பும் மரவியல்பும் அறிந்த அறிவும் வேண்டும். அவ்வறிவு துணையாகாதவழி, அன்பினாற் செய்த தொண்டே கேடாய் முடிதலும் உண்டு.

தொண்டைநாட்டுக் குன்றொன்றின்மேல் உள்ள சிவாலயத்தில் அங்ஙனம் நேர்ந்தது. திருக்குடமுழுக்கிற்கு நாட்குறித்தபின், படிவழிக்கு மேற்பாலுள்ள சரிவு முழுவதும் உண்ணிச்செடி மண்டிக் கிடத்தல் கண்ணுக்கு இனிதன்றென்று அன்பர் சிலர் கருதினர். நந்தவனத் தொண்டு செய்துவந்த முதியவர் ஒருவர் அவர்களை நோக்கி, "தம்பிகாள், மேலே வெட்டுங்கள், வேரைப் பறிக்க வேண்டா. ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டவும் வேண்டா" என்றார். "ஐயா, களை என்றால் வேரோடு களைவதுதானே முறை? வேரை விட்டால் மறுபடியும் தழைத்துவிடுமே" என்று அவர்கள் விடைகூறினர். அவ்விடையைத் தள்ளிவிடுதற்கில்லை. உண்ணிச்செடி அடிக்கட்டையினின்று மீண்டும் தழைக்கும் என்பது உண்மையே. முதியவர் மேலும் வாதியாது அமைந்தார்.

இரண்டு நாள் உழைப்பிற் சரிவு வெறுமண்ணாயிற்று. கடப்பாரையும் மண்வெட்டியுங்கொண்டு தூரோடு பெயர்த்தமையின் மண் ஆழக் கிளறுண்டது. மரங்களின்மேற் பற்றியேறிய செடிக்கிளைகளைக் கீழ்நின்று இழுத்தபொழுது மரக்கிளைகளும் உடன்முறிந்தன. பெயர்த்தவற்றையெல்லாம் சரிவிலேயே குவித்து எரியிட்டனர். குடமுழுக்கு இனிது நிறைவேறியது. பின்னர் ஐப்பசி மழை வந்தது. ஓரிரவுப் பெருமழையில் மேன்மண் கரைந்து படிகளின்மீது சேறாய்ப் படிந்தது. அடிவாரத்துத் தீர்த்தம் செந்நீராயிற்று. வேர் வெளிப்பட்ட வெப்பாலை ஒன்றும் உசில் இரண்டும் சாய்ந்தன. தை பிறந்தபொழுது பார்த்தால், கிளறிய இடமெங்கும் உண்ணிச்செடி நாற்றுக்கள் விதைத்தாற்போல முளைத்திருந்தன. பழைய தூறு ஒன்று நின்ற இடத்திற் பத்து முளை. வந்து பார்த்த இளைஞர் ஒருவர் சாய்ந்த உசிலின் அருகே நெடுநேரம் வாளா நின்றார் என்பர். முதியவர் அவரை ஒன்றும் கேட்டிலர்.

இச்செடி நம் நாட்டிற்கு உரியதன்று. அமெரிக்க வெப்பநாடுகளிற் பிறந்த இது, 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகு கருதிக் கல்கத்தாத் தாவரத் தோட்டத்திற்குக் கொணரப்பட்டது. மஞ்சளும் செம்மையும் வெண்சிவப்புமாக ஒரே கொத்தில் நிறம் மாறும் அதன் பூவைக் கண்டு மயங்கி வேலியாக வைத்தோர் பலர். வேலி நாளடைவிற் காட்டினுள் நுழைந்தது. கருநிறக் கனிகளைப் பறவைகள் உண்டு, தாம் அமரும் மரத்தடிதோறும் விதையை இடுகின்றன. இலையை ஆடுமாடுகள் இயல்பாகத் தின்பதில்லை. பசிக்குத் தின்றால் ஈரல் கெட்டு, வெயிலிற்பட்ட தோல் புண்ணாகும். எனவே மேய்ச்சலால் அது குறைவதில்லை. அதனடியிற் புல் வளர்வதும் அரிது. சாம்பலும் வெயிலும் கிளறிய மண்ணும் அதன் விதைக்குத் தொட்டிலாம். ஆகவே எரியிட்டுக் கொத்தியவர் அதனை அழித்தாரல்லர். அதற்கு உழுது கொடுத்தார்.

மண் கரைந்த காரணத்தையுஞ் சிறிது நோக்குக. வெறுமண்ணில் நேரே வீழும் மழைத்துளி மண்கட்டியைச் சிதறடிக்கும். சிதறிய நுண்மண் நீர் இறங்கும் துளைகளை அடைக்கும். உட்புகாத நீர் மேலே ஓடும். சரிவு மிகமிக ஓட்டத்தின் விரைவும், அது மண்ணை அரிக்கும் வலியும் மிகும். இலையும் சருகும் அத்துளியைத் தாங்குகின்றன. வேர்கள் மண்ணைப் பிணிக்கின்றன. தீய செடியேயாயினும், பல்லாண்டாக அச்சரிவிற்குப் போர்வை அதுவே. அதற்கு முன்னிருந்த புல்லும் செடியும் அற்றுப்போனபின், மலையின் மேன்மண் அதன் வேரைப் பற்றியே நின்றது. போர்வை கந்தலென்று கருதி, மாற்றுப்போர்வை வருமுன் உரித்தமையே குன்று பட்ட துன்பத்திற்குக் காரணம்.

கடல்கடந்த நாடொன்றிலும் இதே செடி இதே வினாவை எழுப்பியது. ஆத்திரேலியாவில் 1841 இல் அடிலெய்டு நகரத் தோட்டத்தில் வைக்கப்பெற்ற உண்ணிச்செடி, சில பத்தாண்டுகளுள் சிட்னித் துறைமுகத்தைச் சூழ்ந்த மணற்பாறைச் சரிவுகளிலும் பரவியது. அந்நகரின் மாஸ்மன் பகுதியில் எய்லீன் பிராட்லி, ஜோன் பிராட்லி என்னும் உடன்பிறந்த பெண்மணியர் இருவர் வாழ்ந்தனர். மூத்தவர் 1911 இலும் இளையவர் 1916 இலும் பிறந்தோர். 1960 ஐ அடுத்த ஆண்டுகளில் அவர்கள் தம் வீட்டருகிலுள்ள காட்டில் உலாவும்பொழுது ஒன்றைக் கண்டனர். களைகளை ஒருங்கே வெட்டிச் சாய்த்த இடங்களில் அவை முன்னிலும் அடர்ந்து வளர்ந்தன. ஆங்காங்குச் சிலவற்றை மெல்லப் பறித்த இடங்களில் அந்நிலத்துக்குரிய செடிகள் தாமே எழுந்தன. இதனைப் பல்லாண்டு நோக்கித் தெளிந்து, 1971 இல் ஒரு சிறுநூலாக வெளியிட்டனர். எய்லீன் 1976 இலும் ஜோன் 1982 இலும் மறைந்தபின், 1988 இல் அவர்தம் முறை விரிந்த நூலாகவும் வெளிவந்தது.

அவர்கள் முறையின் உயிர்நிலை மூன்று. களை மிகுந்த இடத்திற் தொடங்கற்க. நல்ல மரஞ்செடிகள் நிலைத்துள்ள இடத்திற் தொடங்கி, அங்கிருந்து களைமிகுந்த இடத்தை நோக்கிச் செல்க என்பது முதலாவது. நம்மவர்க்கு இது தலைகீழாகத் தோன்றும். கேடு மிக்க இடத்தையன்றோ முதலிற் திருத்தல்வேண்டும் என்பர். ஆயின், நல்லது நிற்கும் இடத்திற் களை நீங்கினால் வெற்றிடத்தை நிரப்ப விதையும் வேரும் அருகிலேயே உள. களையே நிறைந்த இடத்தில் நிரப்ப வருவதும் களையே. மண்ணை இயன்றவரை கலையாது விடுக என்பது இரண்டாவது. செடியைப் பறிக்கும்பொழுது ஒரு கை தூரைச் சுற்றிய மண்ணை அழுத்திப் பிடித்திருக்கும். விலக்கிய சருகு மீண்டும் அவ்விடத்தே பரப்பப்படும். மூன்றாவதே அருமையுடையது: நல்ல செடிகள் எவ்வளவு விரைவில் எழுகின்றனவோ அவ்வளவு விரைவிலேயே களைகளை நீக்குக, செய்வானுடைய ஆர்வம் அவ்விரைவை வகுத்தலாகாது. இம்முறை மிக மெல்லியதென்றும், நல்ல செடியே அற்றுப்போன பெருநிலத்திற்கு ஏலாதென்றும் குறைகூறுவார் உளர். அவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் மலைச்சரிவிற்கு மெல்லிய முறையினும் நல்ல முறை யாது?

இனி, வேரைப் பறிப்பதோ விடுவதோ என்னும் அக்குன்றத்து வழக்கிற்கு விடை வடநாட்டிலிருந்து கிடைத்தது. இமயத்தின் அடிவாரத்துக் கார்பெட் புலிகள் காப்பகத்தில் உண்ணிச்செடியை அகற்றிய தில்லிப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், 2009 இல் தம் முறையை வெளியிட்டனர். அச்செடி தழைப்பது தண்டும் வேரும் கூடும் அடிப்பகுதியிலிருந்தே. அதற்குக் கீழுள்ள ஆணிவேர் தானே தழைப்பதில்லை. ஆதலின், மண்ணுக்குக் கீழே மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில், ஏறக்குறைய இரண்டு விரற்கிடை முதல் மூன்று விரற்கிடை வரையில், வேரை வெட்டி, தூற்றைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து விடுகின்றனர். கவிழ்ந்த தூறு வேர் பற்றாமல் உலர்கின்றது. மண்ணில் நின்ற வேர் மட்கும்வரை மண்ணைப் பிடித்திருக்கின்றது. இளைஞர் கூறியது பாதி உண்மை. முதியவர் கூறியது மற்றைப் பாதி. இரண்டிற்கும் இடையே இரு விரற்கிடை மண்ணே இருந்தது.

ஈண்டுச் சித்தாந்த நூற்பயிற்சியுடையார்க்கு ஒன்று தோன்றாமற் போகாது. மாயையும் மலமே. எனினும் தனு கரண புவன போகங்களைத் தந்து, ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்கு விடியுமளவும் விளக்காய் நிற்பதும் அதுவே என்பது நம் நூல்களின் துணிபு. ஞாயிறு தோன்றுமுன் விளக்கை அவித்தவன் துறந்தவன் ஆகான். இருட்டில் இருப்பவனே ஆவான். பாசநீக்கம், சிவப்பேறு என இரண்டாகச் சொல்லப்படினும், முன்னது முற்றும் முடிந்தபின்னரே பின்னது தொடங்கும் என்று கொள்ளலாகாது. ஒளியின் வரவும் இருளின் நீக்கமும் ஒருகாலத்தன. நல்ல செடி எழும் அளவே களையை நீக்குக என்ற அப்பெண்மணியர் நம் நூல்களைக் கற்றவரல்லர். கண்ணெதிரே கண்டதைக் கூறினர். மலபரிபாகம் நோக்காது கடுந்தவத்தால் ஒருநாளில் எல்லாவற்றையும் அறுக்கப் புகுந்து, பின்னர் முன்னிலும் மிக்க வேட்கையில் வீழ்ந்தாரை உலகம் கண்டதில்லையா? நின்ற புதரைப் பிராரத்தத்திற்கும், மண்ணுட் கிடக்கும் விதையைச் சஞ்சிதத்திற்கும், பறவை இடும் புதுவிதையை ஆகாமியத்திற்கும் ஒப்பிட்டுக் காணலுமாம்.

அற்றேல், ஆணவத்தையும் இங்ஙனமே வந்தேறிய களையெனக் கொள்ளலாமோ எனின், கொள்ளலாகாது. களை இடையில் வந்தது; ஆணவமோ செம்பிற் களிம்புபோல உயிரோடு அநாதியே உள்ள சகசமலம். கன்மமும் மாயையுமே ஆகந்துகம் எனப்படும். உவமை ஒருபுடையே ஒக்கும். அதனையும் அளவுகடந்து இழுத்தால் மண்ணோடு பெயர்ந்து வந்துவிடும்.

மேற்கூறிய குன்றிற்குத் திரும்புவோம். மழைக்குப்பின் அச்சரிவு முதியவர் பொறுப்பிற்கே விடப்பட்டது. அவர் சிட்னி நகரத்தாரைக் கேள்வியுற்றவரல்லர். வடநாட்டு முறையையும் மேற்கூறிய இளைஞரே எங்கோ படித்து வந்து அவர்க்குக் கூறினார். அரிக்கப்பட்ட நீரோட்டத் தடங்களிற் முதலிற் கல்லடுக்கினர். வெட்டிய செடித்தண்டுகளைச் சரிவின் குறுக்கே வரிவரியாக இட்டு, அவற்றின் மேற்புறத்தில் மண்ணும் சருகும் தங்கச் செய்தனர். திருமதிலை ஒட்டி மேலே வில்வமும் கொன்றையும் சில நன்னிலையில் இருந்தன. வேலை அங்கிருந்தே தொடங்கிற்று. ஓராண்டிற்குச் சில பாத்தி அளவே. ஒரு பாத்திக்கும் அடுத்ததற்கும் இடையில் உண்ணிச்செடி வேலிபோல விடப்படும். மரத்தின்மேல் ஏறியவற்றை அடியில் வெட்டி அப்படியே உலரவிடுவதன்றி இழுப்பதில்லை. எரியிடுதல் அறவே இல்லை. மழை பெய்து மண் இளகிய நாட்களிற் பறவை அமரும் மரங்களின் அடியைச் சுற்றிவந்து, விரலளவு நாற்றுக்களைக் கையாற் பறிப்பர். இது சிறு வேலைதான். ஆயினும் இதனை ஓராண்டு விட்டாற் முந்திய மூன்றாண்டு உழைப்பும் வீண் என்பது முதியவர் கணக்கு.

புல் முதலில் வந்தது. அதன்பின் வெட்டுண்ட அடியிலிருந்து வெப்பாலை துளிர்த்தது. அதனைக் களையென்று மயங்கி வெட்டிவிடாதபடி, இளைஞர்க்கு இலையைக் கிள்ளிப் பாலைக் காட்டிக் கற்பித்தார். சாய்ந்த உசில்களுள் ஒன்று பட்டுப்போயிற்று. மற்றொன்று சாய்ந்தபடியே தழைத்து நிற்கின்றது. தீர்த்தத்து நீர் இரண்டு மழைக்காலங்களாகத் தெளிந்துள்ளது.

படியோரத்துக் கீழ்ச்சரிவில் மூன்றிலொரு பங்கு இன்னும் உண்ணிச்செடியே. முதலில் வெட்டியிருக்க வேண்டிய இடம் அதுவன்றோ, எல்லார் கண்ணிலும் படுகின்றதே என்று படியேறுவோர் கேட்கின்றனர். மேலேயுள்ள கொன்றையின் கன்றுகள் அவ்வளவு தூரம் இறங்கிவந்தபின் வெட்டலாம் என்று முதியவர் கூறுகின்றார். அவர்க்கு அகவை எழுபதைக் கடந்துவிட்டது. ஆவணியில் வெட்டுதற்குரிய அடுத்த பாத்திக்கு அவ்விளைஞர் குறியிட்டு வைத்திருக்கின்றார்.