ரைனுக்குத் திரும்பிய தட்டான்

நெதர்லாந்தின் நைமேகன் நகரப் பாலத்திலிருந்து பார்த்தால் கீழே ஓடுவது நதியாகத் தெரியாது, நெடுஞ்சாலையாகத்தான் தெரியும். இரும்புத் தாது, மணல், கன்டெய்னர் என்று சுமந்துகொண்டு சரக்குப் படகுகள் வரிசை கட்டுகின்றன. நதியின் பெயர் வால். பெயர்தான் அப்படி, ரைன் தண்ணீரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இதன் வழியாகவே கடலுக்குப் போகிறது.

இந்த நெரிசலில்தான் ஸ்டைலூரஸ் ஃபிளாவிபெஸ் என்ற தட்டான் குடித்தனம் நடத்துகிறது. ஐந்து செ.மீ. நீளம், மஞ்சளும் கறுப்புமான உடல், மஞ்சள் கோடிட்ட கால்கள். 1902க்குப் பிறகு நெதர்லாந்தில் இது கண்ணில் படவேயில்லை. ரைன் 'ஐரோப்பாவின் சாக்கடை' என்று பெயரெடுத்த நூற்றாண்டு அது. 1986 நவம்பரில் சுவிட்சர்லாந்தின் பாசல் அருகே சாண்டோஸ் ரசாயனக் கிடங்கு எரிந்தது. தீயணைக்கப் பீய்ச்சிய தண்ணீர் பூச்சிமருந்தோடு நதியில் கலக்க, ரைன் சிவப்பாக ஓடியது. லட்சத்துக்கும் அதிகமான விலாங்கு மீன்கள் செத்தன. அப்புறம்தான் கரையோர நாடுகளுக்கு உறைத்தது. 1987ல் கூட்டாகத் துப்புரவுத் திட்டம் போட்டார்கள். 'சால்மன் 2000' என்று அதற்குச் செல்லப் பெயர். சால்மன் மீனுக்குத்தான் அழைப்பு. தட்டானை யாரும் அழைக்கவில்லை. 1996ல் அதுவாகவே வால் கரைக்கு வந்துவிட்டது.

வந்த இடம் வசதியானது. படகுப் பாதை ஆழமாக இருப்பதற்காகக் கரையிலிருந்து நதிக்குள் கல் அணைகள் நீட்டியிருக்கிறார்கள். தமிழகக் கடலோரத்தில் தூண்டில் வளைவு என்பார்களே, அந்த வகை. இரண்டு அணைகளுக்கு நடுவே ஓட்டம் தணிந்து மணல் படிகிறது. இளம்பூச்சி அதில் புதைந்து, ஏறத்தாழ மூன்றாண்டு வளர்ந்து, ஒரு கோடைக் காலையில் கரையேறுகிறது. பல தட்டான்கள் நாணல் தண்டைப் பற்றிச் சட்டை உரிக்கும். இதற்கு அந்தப் பொறுமை இல்லை. தண்ணீர் விளிம்பிலேயே, வெறும் மணலில் முதுகு வெடிக்கிறது.

ஆபத்தும் அங்கேதான். இறக்கை உலராத தட்டானால் பறக்க முடியாது. அந்த நேரம் பார்த்துக் கனத்த படகொன்று கடந்தால், அலை வந்து வாரிக்கொண்டு போய்விடும். படகுக்காகக் கட்டிய அணைதான் வீடு. அந்தப் படகேதான் எமன். அலைக்குத் தப்பினாலும் வாலாட்டிக் குருவி காத்திருக்கும்.

டீல் நகரருகே மட்டும் 2010களின் நடுவில் சுமார் 10 கி.மீ. தூரம் பழைய அணைகளை எடுத்துவிட்டு, கரைக்கு இணையாக நீளத் தடுப்புகள் கட்டினார்கள். படகுகள் ஒரு பக்கம். அலை அடங்கிய தண்ணீர் மறுபக்கம்.

வளர்ந்த தட்டான் எளிதில் கண்ணில் படாது. அதனால் ஆர்வலர்கள் கணக்கெடுப்பது மணலில் கிடக்கும் வெற்றுச் சட்டைகளைத்தான். காலையிலேயே போக வேண்டும். நாலு படகு கடந்துவிட்டால் சட்டையும் போச்சு, கணக்கும் போச்சு.