மெத்தைக்கடையில் ஒரு மலைக்கோட்டு

சங்கரன்கோவில் துணிக்கடைகளில் ஜாக்கெட் வேண்டும் என்று கேட்டால், "சேலையைக் கொண்டாந்திருக்கீங்களா, கலர் பாக்கணும்லா?" என்பார்கள். அங்கே ஜாக்கெட் என்றால் ரவிக்கைதான். கரிசல் வெயில் காயும் ஊரில் வேறு ஜாக்கெட்டுக்கு என்ன வேலை? மார்கழி விடியலில் கோமதியம்மனைக் கும்பிடப் போகிறவர்கள் தலையைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொள்வார்கள். இன்னும் கொஞ்சம் குளிருக்குப் பயந்தவர் என்றால் ஒரு மப்ளர். ஊரின் குளிர்கால உடுப்பு அத்தோடு முடிந்தது.

என் பையில் இருந்தது அந்த இன்னொரு ஜாக்கெட். உள்ளே செயற்கைப் பஞ்சு வைத்து, கட்டம் கட்டமாகத் தைத்த மலைக்கோட்டு. ஜனவரியில் கொடைக்கானல் மேல்மலைப் பக்கம், ஒரு தனியார் தோட்டத்தில் கூடாரம் போட்டுத் தங்கிய இரவில் அதன் இடது கையில் ஒரு தீப்பொறி விழுந்தது. கம்பளியாக இருந்திருந்தால் கருகி நின்றிருக்கும். நைலான் உருகி, பட்டாணி அளவுக்குத் திறந்துகொண்டது. அதன் வழியே வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்த்தது. இரண்டு தையற்காரர்கள் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாமவர் வழி சொன்னார்: "மெஷின்ல வச்சா இழுத்துக்கிடும். பஞ்சு வேலைன்னா மெத்தைக்காரர்ட்ட போங்க."

மெத்தைக்கடை திறக்க நேரமிருந்தது. உடன் வந்த நண்பரின் உறவினர்கள் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். அதனால் முதலில் தறி செட்டுக்குள் போனோம்.

சங்கரன்கோவிலின் சில தெருக்களில் பேச வேண்டும் என்றால் காதருகே வந்துதான் பேச வேண்டும். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்கும் சத்தம் காலையிலிருந்து ஓயாது. இங்கே நெய்வது பெரும்பாலும் பருத்திச் சேலை. கூலி சேலைக் கணக்கில். கூலி உயர்வுக்காகத் தறிகள் நின்று, பேச்சுவார்த்தை நடந்து, மறுபடி ஓடுவது ஊருக்குப் பழகிய செய்தி. செட்டில் தார் மாற்றிக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் கோட்டை நீட்டினேன். அவர் முதலில் பார்த்தது நிறத்தை அல்ல, இழையை. துணியை விரலிடுக்கில் வைத்து உருட்டினார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பிறகு வாயருகே கொண்டுபோய் ஊதினார்.

"காத்து போகலையே."

காற்றுப் புகாமல் இருக்கத்தான் அந்த நெசவு. மேல்துணி 20 டெனியர் நைலான் என்று சொன்னேன். டெனியர் அவருக்குப் புதிது. தறிக்காரர்களின் கணக்கு நம்பர்: 60-ஆம் நம்பர், 80-ஆம் நம்பர். ஒரு பவுண்டு நூலில் 840 கஜ நீளமுள்ள சிட்டம் எத்தனை என்பதுதான் அந்த நம்பர். எண் ஏற ஏற நூல் மெலியும். டெனியர் தலைகீழ். 9,000 மீட்டர் இழை எத்தனை கிராம் என்று அது கேட்கிறது; எண் ஏறினால் இழை தடிக்கும். 5,315-ஐ ஒரு கணக்கின் எண்ணால் வகுத்தால் மற்றதன் எண் கிடைக்கும். 60-ஆம் நம்பர் பருத்தி நூல் ஏறக்குறைய 89 டெனியர். கோட்டின் 20 டெனியர் இவர்கள் கணக்கில் ஏறக்குறைய 266-ஆம் நம்பர். போன் கால்குலேட்டரில் அந்த எண்ணைக் காட்டியதும் அக்கா சிரித்தார். "இதுக்குப் பாவு பிணைக்கணும்னா கண்ணு போயிரும்."

அடுத்து அவர் கேட்டதை எந்த மலைச்சாமான் கடையிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. "காத்து உள்ள போகலைன்னா வேர்வை எப்படி வெளிய வரும்?"

மலையேறுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. குளிர்கிறதே என்று கோட்டைப் போட்டுக்கொண்டே ஏறத் தொடங்குவார்கள். அரைமணி நேரத்தில் உள்ளே சட்டை நனைந்துவிடும். உச்சியில் நின்றதும் அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சும். பஞ்சு வைத்த கோட்டு நிற்கும்போது போட வேண்டியது: ஓய்வெடுக்கையில், சமைக்கையில், விடிவதற்கு முன் சூரியனுக்காகக் காத்திருக்கையில். நடக்கையில் அது பையில் கிடக்க வேண்டும். பையில் கிடக்க வேண்டியது என்பதால்தான் அதன் எடைக்கு இவ்வளவு மரியாதை. மூன்று நாள் மலையில் இரண்டரை நாள் அதைச் சுமக்கிறோம். போடுவது சில மணி நேரம்.

மெத்தைக்கடை இரண்டு ஆள் அகலம். வாசலில் கோடு போட்ட மெத்தைத் துணி சுருள்கள், உள்ளே கூரைவரை மூட்டைகள். கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். முகத்தில் துண்டைக் கட்டி, கண் மட்டும் தெரிய, ஒரு பழைய மெத்தையைப் பிரித்துக்கொண்டிருந்தார். யாரோ கல்யாணச் சீரில் கொண்டுவந்த மெத்தை. வருடக்கணக்கில் அழுந்தி, பஞ்சு தட்டை தட்டையாக அப்பம் போல் இறுகிக் கிடந்தது. அதை உதிர்த்து, வெயிலில் போட்டு, கொட்டி, அதே பஞ்சைப் புது உறைக்குள் அடைத்துத் தருவார். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் புது மெத்தை வேலை. மற்ற மாதங்களில் இந்தப் பழைய மெத்தைகள்தான் அடுப்பெரிக்கின்றன.

சுவரில் ஒரு வில் தொங்கியது. ஆளுயரத்துக்கு மேல் இருந்தது, நாண் தளர்ந்திருந்தது. சின்ன வயதில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, நாணைத் தட்டி ஓசை எழுப்பியபடி தெருத்தெருவாகப் போவாராம். சத்தம் கேட்டு வீட்டுக்காரர்கள் மெத்தையைத் திண்ணைக்குக் கொண்டுவருவார்கள். இன்று அந்த வேலையைப் பின்கட்டில் இருக்கும் பல்சக்கர மெஷின் செய்கிறது. வில்லுக்கு ஒரு நாள், மெஷினுக்கு ஒரு மணி நேரம். தூசியும் அதே கணக்கில்தான் கூடியிருக்க வேண்டும். பேச்சுக்கு நடுவே அவர் பலமுறை எழுந்துபோய் இருமிவிட்டு வந்தார்.

மூட்டைகளில் மூன்று சாதி. ஒன்று இலவம் பஞ்சு, தேனிப் பக்கத்துச் சரக்கு. போடி, வருசநாடு என்று பெயர் சொன்னார். இரண்டாவது பருத்திப் பஞ்சு. ஒருகாலத்தில் இந்தக் கரிசலில் விளைந்த கருங்கண்ணியின் குட்டை இழை, மெத்தைக்கென்றே பிறந்தது போல் விறைத்து நிற்குமாம். மூன்றாவது பளீரென்ற வெள்ளை. பாலியஸ்டர். அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. ரிலையன்ஸின் வணிகப் பெயரான ரெக்ரான், பொருளின் பெயராகவே ஆகிவிட்டது.

கோட்டைக் கையில் வாங்கியதும் உள்ளங்கைகளுக்கு நடுவே அழுத்தினார். விட்டார். எழும்புகிறதா என்று பார்த்தார். மறுபடி அழுத்தினார்.

"எத்தனை கிலோ பஞ்சு, தம்பி?"

"மொத்தக் கோட்டே நானூறு கிராம் வராது, அண்ணாச்சி."

நம்பவில்லை. தராசில் வைத்தார். 385 கிராம். ஜிப்பு, கயிறு, இரண்டு துணி எல்லாம் சேர்த்து. உள்ளே இருப்பது சதுர மீட்டருக்கு 60 கிராம் கொண்ட பஞ்சுத் தட்டு. ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய இரண்டு சதுர மீட்டர் வைத்துக்கொண்டால் 120 கிராம். ஒரு தலையணைக்கே ஒரு கிலோ இலவம் பஞ்சு அடைக்கிறவர் அவர். 120 கிராமை வைத்து ஒரு ஆளைக் குளிரிலிருந்து காப்பாற்றுவதாகச் சொன்னால் சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். சிரிக்கவில்லை.

"மெத்தையில பாதி காத்துதானே. அது போயிட்டா மெத்தை செத்துட்டு. அதுக்குத்தான கொட்டுதோம்."

இயற்பியல் புத்தகம் சொல்வதும் இதுதான். அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். பஞ்சின் வேலை சூடு தருவது அல்ல. காற்றைச் சின்னச் சின்ன அறைகளில் பிடித்து நகரவிடாமல் வைப்பது. 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன ஜார்ஜ் ஃபின்ச், பலூன் துணிக்குள் ஐடர் வாத்தின் தூவியை அடைத்துக் கோட்டுத் தைத்துக்கொண்டபோதும், 1936-இல் அமெரிக்காவில் எடி பவர் தூவிக்கோட்டு வடிவமைத்தபோதும் சங்கதி இதே. எடைக்கு எடை இன்றும் தூவியை மிஞ்சிய சூடு இல்லை. ஆனால் நனைந்தால் தூவி ஒட்டிப்போகும், காற்று போய்விடும். அமெரிக்க ராணுவத்துக்கு அந்தத் தலைவலி தீர வேண்டியிருந்தது. 1980-களில் ஆல்பனி இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் தூவியைப் போல நடிக்கும் மெல்லிய பாலியஸ்டர் இழைகளை உருவாக்கியது. பிரைமாலாஃப்ட் என்று கடைகளில் தொங்கும் பெயரின் பிறப்பு அதுதான்.

ஈரத்தைப் பற்றி மெத்தைக்காரருக்குப் பாடம் வேண்டாம். நனைந்த பருத்தி மெத்தை மூன்று வெயில் கேட்கும், ரெக்ரான் தலையணை சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும் என்றார். சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் 8.5 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், பாலியஸ்டர் 0.4 சதவீதம். மேற்குத் தொடர்ச்சி மலையில் குளிரைவிட ஈரம்தான் எதிரி. பனிமூட்டம், சாரல், கூடாரத்தின் உள்பக்கம் வழியும் நீர். இங்கே தூவியைவிட இழைப்பஞ்சே பொருத்தம் என்பது என் கட்சி. விலையும் குறைவு, வீட்டில் துவைக்கலாம்.

இலவம் பஞ்சின் கதை இதில் ஒரு தனிச் சோகம். அதன் ஒவ்வொரு இழையும் உள்ளே வெற்றுக் குழாய், பெரும்பகுதி காற்று. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் எளிதில் ஒட்டாது. உலகப் போர்க் காலங்களில் கப்பற்படையின் உயிர்காப்புச் சட்டைகளுக்குள் அதுதான் இருந்தது. இவ்வளவு குணம் இருந்தும் கோட்டுக்குள் அது வரவில்லை. இழை குட்டை, வழுக்கும், முறியும். தட்டாக நிற்காமல் மூலைக்கு ஓடிக் கட்டியாகும். தீயும் சட்டென்று பிடிக்கும். அண்மையில் ஜப்பானில் கபோக் நாட் என்ற பிராண்டு இலவம் பஞ்சைப் பாலியஸ்டரோடு கலந்து தட்டாக்கிக் குளிர்கோட்டு விற்கிறது. போடியில் ரெக்ரானுக்கும் நுரை மெத்தைக்கும் நடுவே தேய்ந்துகொண்டிருக்கும் வியாபாரத்துக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்ததா என்று கேட்டால், இலவு காத்த கிளிக்கே வெளிச்சம்.

பேச்சு தையலுக்கு வந்தது. மெத்தைக்கு நடுநடுவே கோணி ஊசியால் முடிச்சுப் போடுவது பஞ்சு ஓடாமல் இருக்க. முடிச்சு விழுந்த இடத்தில் பள்ளம். பள்ளத்தில் பஞ்சு இல்லை. அண்ணாச்சி கோட்டின் தையல் வரிகளை நகத்தால் நெருடி, "இங்கெல்லாம் குளிர் ஏறுமே" என்றார். ஏறும். தையல் ஊடுருவிப் போகும் ஒவ்வொரு கோடும் குளிருக்கு ஒரு வாசல், மழைக்கும்தான். அழகுக்காக நெருங்கத் தைத்த கோட்டைவிட அகலக் கட்டம் போட்டது நல்லது. ஆனால் குட்டை இழைப் பஞ்சுக்குத் தையல் நெருங்கியாக வேண்டும், இல்லையென்றால் துவைக்கத் துவைக்கக் கீழே சரியும். நீளமான ஒரே இழையைச் சுழற்றிப் பரப்பிய தட்டுக்கு அவ்வளவு தையல் தேவையில்லை. அது சற்று விறைப்பாக, கைக்கு முரடாக இருக்கும். கடையில் தொட்டுப் பார்த்து "என்ன மெத்து!" என்று மயங்குகிறவர்கள் பெரும்பாலும் குட்டை இழைச் சாதியைத்தான் வாங்கி வருகிறார்கள். நானும் அதைத்தான் வாங்கினேன்.

எத்தனை கிராம் பஞ்சு தேவை? போகும் இடம்தான் முடிவு செய்ய வேண்டும். கொடைக்கானல், மேகமலை, பொதிகை போன்ற இடங்களில் இரவுக் குளிர் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தோடு நின்றுவிடும்; சதுர மீட்டருக்கு 40-இலிருந்து 60 கிராம் போதும், மேலே ஒரு மழைச்சட்டை இருந்தால். இமயத்தில் கூடாரம் போடுகிறவருக்கு 100-க்கு மேல், அல்லது தூவி. கோட்டின் சீட்டில் "மைனஸ் ஐந்து டிகிரி" என்று போட்டிருப்பதை நம்பி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தூங்கும் பைகளுக்கு ஐஎஸ்ஓ 23537 என்ற பொதுச் சோதனை முறை இருக்கிறது. மலைக்கோட்டுகளின் சீட்டில் பொதுவாக அப்படி ஒரு முத்திரை இருக்காது. அந்த எண், நடக்கிறவருக்கா உட்கார்ந்திருப்பவருக்கா, உள்ளே எத்தனை சட்டை போட்டவருக்கா என்பதைச் சீட்டு எப்போதும் சொல்வதில்லை. ஊட்டி திபெத்தியர் சந்தையில் தொங்கும் கோட்டுகளில் எண்ணே இருக்காது. அங்கே உள்ளங்கைதான் தராசு.

2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறிகள் சிக்கி 23 பேர் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் காட்டுப் பாதைகளுக்கான கட்டுப்பாடுகள் இறுகின. 2024 அக்டோபரில் வனத்துறை 'டிரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை முன்பதிவுக்குத் திறந்தது. மலைச்சாமான் பற்றிய பேச்சு சமவெளி ஊர்களுக்கும் வந்துவிட்டது. நண்பரின் கல்லூரி செல்லும் மகன் அன்று மாலை என்னிடம் கேட்டதே, எந்தக் கோட்டு வாங்கலாம் என்பதுதான். மெத்தைக்கடைக்குப் போய்வா என்றேன். கேலி செய்வதாக நினைத்துக்கொண்டான்.

ஓட்டையை அடைக்க எந்தப் பஞ்சு? அண்ணாச்சி யோசிக்கவேயில்லை. ரெக்ரான் மூட்டையிலிருந்து சிட்டிகை எடுத்து, விரலால் பிய்த்துப் பிய்த்துப் புகைபோல் ஆக்கி, ஊசிமுனையால் உள்ளே தள்ளினார். இலவம் போட்டால் துவைக்கையில் சுருண்டுவிடும் என்றார். மேலே ஒட்டுப்போடத் துணி வேண்டும். பக்கத்தில் குடை ரிப்பேர் செய்பவரிடமிருந்து ஒரு கிழிந்த கறுப்புக் குடைத்துணி வந்தது. இதற்கென்றே பசை தடவிய நைலான் பட்டை வெளியூரில் கிடைக்கும், ஊசி படாமல் ஒட்டினால் தண்ணீர் இறங்காது என்று சொன்னேன். தலையாட்டிக்கொண்டே, இருப்பதிலேயே மெலிந்த ஊசியைத் தேடி எடுத்து, உருகி இறுகிய விளிம்பை உள்ளே மடித்து, சுற்றிலும் எறும்பு வரிசை போல் தைத்தார்.

"இதைச் சுருட்டி அமுக்கியே வைக்காதீங்க. கொடியில தொங்கப் போடுங்க. அமுங்கிக் கிடந்தா இதுவும் செத்துரும்."

கொட்டினால் மறுபடி எழும்பாதா என்று கேட்டேன்.

"பருத்தி எழும்பும். இது தெரியலை. பிரிச்சவன் எவனும் இன்னும் எங்கிட்ட வரலை."

இருபது ரூபாய் கேட்டார். கொடுப்பதற்குள் கோட்டை மறுபடியும் தராசில் வைத்தார். 385. தராசைத் தட்டினார். அதே 385. முள் பிசகவில்லை என்று உறுதியானதும் துண்டை முகத்தில் ஏற்றிக் கட்டிக்கொண்டு, பாதி பிரித்த மெத்தையின் மேல் குனிந்தார்.