ராத்திரி தோட்டத்துக்கு எந்த டார்ச்?

எங்கள் தேவாரத்தில் மலையடிவாரத் தோட்டங்களுக்கு வேலி முடிகிற இடத்தில் காடு ஆரம்பித்துவிடும். மும்முனை மின்சாரம் ராத்திரி 11 மணிக்கு வந்தாலும் மோட்டார் போட நாம்தான் போயாக வேண்டும். வரப்பில் கட்டுவிரியன், மரவள்ளியில் பன்றி, போதாததற்கு யானைப் பயம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியில் இறந்திருப்பார்கள் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். என்னைக் கேட்டால் டார்ச்சும் மண்வெட்டி மாதிரி ஒரு விவசாயக் கருவிதான்.

இப்போது 'டாக்டிக்கல்' என்று கையடக்கமான அலுமினிய டார்ச் வருகிறது. போலீஸ், ராணுவத்தை மனதில் வைத்துச் செய்தது. பட்டன் பின்பக்கம் இருப்பதால் இருட்டில் தடவ வேண்டாம். கட்டைவிரல் தானாகப் போய் நிற்கும்.

கடையில் எல்லோரும் கேட்பது, எவ்வளவு தூரம் அடிக்கும் என்பதுதான். அட்டையில் 200 மீட்டர் என்று போட்டிருந்தால், எஃப்.எல்.1 என்ற அளவுமுறைப்படி அந்தத் தூரத்தில் விழும் வெளிச்சம் 0.25 லக்ஸ். அதாவது பௌர்ணமி நிலா வெளிச்சம்! ஏதோ நிற்கிறது என்று தெரியும், பன்றியா நாயா என்று தெரியாது. பாதித் தூரத்தில் அது நான்கு மடங்காகும். ஆகவே போட்டிருப்பதில் பாதியைக் கணக்கில் வையுங்கள். எரியும் நேரமும் அப்படித்தான். வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை கணக்கிட்டுத்தான் மணி நேரம் போடுகிறார்கள். முழு வெளிச்சத்தில் வைத்தால் சில நிமிடத்தில் சூடாகி, தானே மங்கிவிடும்.

பாம்புக்குத் தூரம் எதற்கு? காலடியில் அகலமாக விழுகிற, விடிய விடிய நிற்கிற குறைந்த வெளிச்சம்தான் வேண்டும். அந்த நிலை இல்லாத டார்ச்சை நான் வாங்க மாட்டேன்.

பேட்டரியில் ஏமாற்று அதிகம். 18650 என்பது வெறும் அளவு: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். அந்த அளவில் நல்ல பேட்டரியே சுமார் 3,500 எம்.ஏ.எச். தான் தரும். 9,900 என்று அச்சடித்திருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஐ.பி.எக்ஸ்.7 என்றிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். வாய்க்காலில் விழுந்தால் எடுத்துத் துடைத்தால் போதும்.

வெட்டி வெட்டி அடிக்கிற 'ஸ்ட்ரோப்' வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பன்றிக்கு முதல் சில நாள் பலிக்கும், பிறகு பழகிவிடும். யானை முகத்தில் மட்டும் அடிக்காதீர்கள். மிரண்டு திரும்பினால் நம்மால் ஓட முடியாது. விளக்கை அணைத்துப் பின்வாங்கி, வனத்துறைக்குப் போன் போடுங்கள்.

விடியுமுன் ஏலத்தோட்ட ஜீப்புக்கு நடக்கிற பெண்களுக்கு, கடிகாரத்தில் போடும் சாதாரண பென் பேட்டரியிலும் எரிகிற சிறிய வகை நல்லது. சார்ஜ் தீர்ந்தாலும் பெட்டிக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.