பவர் பட்டனை அமத்த முதல்

"சேர், கொம்பியூட்டர் ஸ்டக்!" கணினிக் கூடத்தில் நாங்கள் அதிகம் கேட்கும் வசனம் இதுதான். சொல்லி முடிய முதலே பிள்ளையின் விரல் பவர் பட்டனில் இருக்கும். வீட்டிலும் இதே கதைதான் என்று பெற்றோர் சொல்வதால் இதை எழுதுகிறோம்.

பெரும்பாலும் ஸ்டக் ஆவது முழுக் கணினியும் அல்ல, ஒரு மென்பொருள் மட்டும்தான். பட்டனை அமத்திப் பிடித்தால் திறந்திருக்கும் எல்லாமே போய்விடும். இரண்டு பாடவேளை குந்தியிருந்து தட்டச்சுச் செய்த ஒப்படையும் சேர்ந்து போகும்.

விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் ஒன்றாக அமத்துங்கள். சிஎம்டி என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் கொடுங்கள். வரும் கறுப்புத் திரையில் டாஸ்க்லிஸ்ட் என்று அடித்தால், ஓடிக்கொண்டிருப்பவற்றின் பெயர்களும் பக்கத்தில் பிஐடி இலக்கமும் வரும். பிறகு டாஸ்க்கில், இடைவெளி, ஸ்லாஷ் பிஐடி, இடைவெளி, அந்த இலக்கம். அவ்வளவுதான்.

இது மென்பொருளிடம் "மூடிக்கொள்" என்று கேட்பது மட்டுமே. "சேவ் பண்ணவா?" என்று அது திருப்பிக் கேட்கவும் கூடும். அசையவே இல்லை என்றால்தான் கடைசியில் ஸ்லாஷ் எஃப் சேர்க்க வேண்டும். அது கேட்காது, வெட்டிவிடும். லினக்ஸிலும் இதே ஒழுங்குதான்: கில் கட்டளை வழமையாக அனுப்பும் 15 கேட்பது; 9 வெட்டுவது.

அனுமதியும் நிர்வாகிக் கடவுச்சொல்லும் இருந்தால், ஸ்லாஷ் எஸ் போட்டு மற்றக் கணினியின் பெயரைக் கொடுத்து, ஆசிரியர் மேசையில் இருந்தே பின்வரிசைக் கணினியில் ஓடுவதை நிறுத்தலாம். பாடநேரத்தில் கேம் விளையாடுபவர்களுக்கு நல்ல மருந்து என்று நண்பர்கள் சிரிப்பார்கள். ஆனால் தூரத்தில் இருந்து டாஸ்க்கில் கொடுத்தால், ஸ்லாஷ் எஃப் போட்டாலும் போடாவிட்டாலும் வெட்டுதான். கேட்கும் வசதியே அதில் கிடையாது. பெயர் மாறி வேர்டை நிறுத்தினால், அந்தப் பிள்ளை திறந்து வைத்திருக்கும் எல்லா ஆவணங்களும் சேர்ந்தே மூடும்.

அதனால் எங்களுக்குள் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம். முடிந்தவரை எழும்பிப் போய்த் திரையைப் பார்ப்போம். முடியாவிட்டால் "சேவ் பண்ணுங்க மகன்" என்று சத்தமாகச் சொல்லி, இரண்டு நிமிடம் பொறுத்துத்தான் என்டர் அடிப்போம். அந்தக் கடவுச்சொல் எங்கள் கையில் இருக்கும் அமானிதம். பிள்ளையின் உழைப்பும் அப்படித்தான்.

வீட்டில் பிள்ளைகளுக்கு இரண்டே விடயம் சொல்லிக் கொடுங்கள். பெயர் தெரியாத எதையும் நிறுத்தக் கூடாது. எழுதும்போது அடிக்கடி கன்ட்ரோலும் எஸ்ஸும் அமத்த வேண்டும்.