கருப்பியின் இரைப்பை

காலை மணி 9.20. பாடல் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று நிமிடத்தில் நான் மறுபடி ஒலிவாங்கி முன் பேச வேண்டும். கைப்பேசியில் அம்மாவின் பெயர் ஒளிர்ந்தது.

நிகழ்ச்சி நேரத்தில் அம்மா என்னை அழைப்பதே இல்லை. அந்த நேரத்தில் அவர் என்னைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். எப்போது பேசுவேன், எப்போது பாட்டு வரும், எப்போது செய்தி என்பதெல்லாம் எங்கள் தயாரிப்பாளரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பாட்டு தொடங்கிய மறுவிநாடி பார்த்து அழைத்திருக்கிறார் என்றால் விஷயம் பெரிது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"தம்பி, கருப்பி நேத்துலேர்ந்து ஒண்ணும் திங்கல. கழுத்துக்குக் கீழ கல்லு மாதிரி இருக்கு."

கோழி. அவ்வளவுதானா என்று மூச்சு விட்டேன். அடுத்த கணமே அது 'அவ்வளவுதான்' இல்லை என்பதும் உறைத்தது.

அப்பா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியே முதுகு வளைந்தவர். ஓய்வுபெற்ற பிறகு பெஸ்தாரி ஜெயாவில் (அம்மாவுக்கு அது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்த்தார். ஒரு கட்டத்தில் இருபதுக்கு மேல் இருந்தன. உடும்பு கொண்டுபோனது, நோயில் செத்தது, விருந்தாளி வந்தபோது குழம்பானது எல்லாம் போக, இப்போது மிச்சம் ஐந்து. அதிலும் அப்பா கையால் தீனி தின்றது கருப்பி ஒன்றுதான். மற்ற நான்கும் பிறகு வந்தவை.

10 மணிக்கு நிகழ்ச்சி முடிந்ததும் காரை எடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேலான பயணம். வழி நெடுக இணையக் காணொளிகளைக் காதால் கேட்டுக்கொண்டே போனேன். ஊடகத்துறையில் பட்டம் வாங்கியவனுக்கு எந்தத் தகவலை நம்புவது, எதை நம்பக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்பதை மறுநாள் நிரூபித்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

அம்மா கருப்பியை மடியில் வைத்துக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்திருந்தார். தலையைத் தொங்கப்போட்டு, இறகைச் சிலிர்த்துக்கொண்டு இருந்தது. என் விரலைப் பிடித்து, அதன் கழுத்து மார்போடு சேரும் இடத்தில், சற்று வலப்பக்கமாக வைத்தார். சின்ன எலுமிச்சம்பழ அளவுக்கு இறுகிய உருண்டை. அழுத்தினால் பிசைந்த மாவு போல மெல்லக் குழிந்தது.

அதுதான் இரைப்பை. கோழிக்குப் பல் இல்லை. கொத்துவதையெல்லாம் முதலில் இந்தப் பையில் போட்டு ஊறவைக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அனுப்பும். கீழே இருக்கும் தசைப்பை, கோழி விழுங்கி வைத்திருக்கும் பொடிக்கற்களின் துணையோடு அரைக்கும். அந்தத் தசைப்பையை நமக்கெல்லாம் தெரியும். சமையலறையில் கீறி, உள்ளே இருக்கும் மஞ்சள் தோலை உரித்துவிட்டுப் பிரட்டல் செய்கிறோமே, அதுதான். சாயங்காலம் கூண்டில் அடையும்போது கோழியின் இரைப்பை நிறைந்திருக்க வேண்டும். விடிகாலையில், தீனி வைக்கும் முன் தொட்டுப் பார்த்தால் காலியாக இருக்க வேண்டும். விடிந்தும் நிறைந்தே இருந்தால் எங்கோ அடைப்பு.

"என்னத்தைத் தின்னுச்சும்மா?" என்று கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். பதில் கண்முன்னாலேயே கிடந்தது. போன சனிக்கிழமை அம்மாவுக்கு உதவி செய்கிறேன் பேர்வழி என்று அப்பாவின் புல்வெட்டும் இயந்திரத்தை எடுத்து, முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்த லாலாங் புல்லை வெட்டியிருந்தேன். வெட்டியதை வாரிக் கொட்டவில்லை. கோலாலம்பூருக்கு அவசரமாகத் திரும்பிவிட்டேன். நின்றிருக்கும் புல்லைக் கோழி நுனி நுனியாகக் கொத்தித் தின்னும். வெட்டிக் கிடக்கும் நீளப் புல்லையோ அப்படியே நூல் போல விழுங்கும். அது உள்ளே சுருண்டு பந்தாகிவிடும். போதாததற்கு, அப்பா போன பிறகு பாம்புக்குப் பயந்து கூண்டுத் தரைக்குச் சிமெண்டு போட்டவனும் நான்தான். பொறுக்கித் தின்ன ஒரு பொடிக்கல் இல்லை.

அம்மாவும் அந்தப் புல்லைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

துணிக்கூடையில் பழைய கைலியை விரித்து, கருப்பியைத் தனியாக வைத்தோம். தீனி கிடையாது, தண்ணீர் மட்டும். வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெயைச் சில சொட்டு, அலகின் ஓரமாக விட்டோம். விழுங்கிய பிறகுதான் அடுத்த சொட்டு. பிறகு இரண்டு விரலால் அந்த உருண்டையை மெதுவாகப் பிசைந்துவிட வேண்டும். ஐந்து நிமிடம், பிறகு ஓய்வு, மறுபடி. அம்மா பிசைவதைப் பார்த்தால் சப்பாத்தி மாவுக்குக்கூட அவ்வளவு பொறுமை காட்டியதில்லை.

இரவு கூடத்திலேயே படுத்தோம். விளக்கை அணைத்த பிறகு அம்மா சொன்னார். "எஸ்டேட்ல இருந்தப்ப உங்க பாட்டி பிளேடால கீறி, உள்ளே இருக்கிறத எடுத்துட்டு நூலால தச்சுடுவாங்க. மஞ்சள் தடவி விட்டா நாலு நாள்ல மேயும். பைய ஒரு தையல், தோலை ஒரு தையல். ரெண்டையும் சேத்துத் தச்சா கோழி பிழைக்காது."

"உங்களுக்கும் தெரியுமாம்மா?"

"தெரியும். முன்ன மாதிரி ஊசியில நூல் கோக்க முடியல."

வயதானால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.

விடிகாலை 5 மணிக்குத் தொட்டுப் பார்த்தோம். காலியாகவில்லை. ஆனால் இறுக்கம் குறைந்து, மேற்புறம் தண்ணீர்ப் பை போலத் தளதளவென்று இருந்தது. அலகருகே முகர்ந்தால் புளித்த கள் வாடை. இளகிவிட்டது, நல்ல அறிகுறி என்று நான் சந்தோஷப்பட்டேன். உண்மையில் நோய் ஒரு படி முற்றியிருந்தது. தேங்கி நின்ற தீனி புளித்து, உள்ளே காளான் வகைக் கிருமி பெருகத் தொடங்கியிருந்தது.

காணொளியில் ஒரு மனிதர் கோழியைத் தலைகீழாகப் பிடித்து, புளித்த நீரை வெளியேற்றினார். சுலபமாகத்தான் தெரிந்தது. நானும் அப்படியே கவிழ்த்தேன். நாற்றமடிக்கும் பழுப்பு நீர் அலகு வழியாக வந்தது. மறுகணம் கருப்பி கண்ணைச் செருகிக்கொண்டு மூச்சுக்குத் திணறியது. அம்மா என் கையிலிருந்து பிடுங்கி நிமிர்த்தி, வாயைத் துணியால் துடைத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். ஒரு நிமிடம் இருக்கும். எனக்கு அது ஒரு முழு செய்தி அறிக்கையின் நீளம். கோழிக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. கவிழ்த்தால் அந்த நீர் நேரே நுரையீரலுக்குப் போகலாம். இதைப் படிக்கும் யாரும் தயவுசெய்து அந்த வேலையைச் செய்யாதீர்கள்.

அவசர விடுப்பு எடுத்தேன். எனக்குப் பதில் தோழி ஒருவர் நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டார். கால்நடை கிளினிக்குகளை அழைத்தேன். முதல் மூன்று இடங்களில் நாய், பூனை மட்டும் என்றார்கள். ஓரிடத்தில் ஆயாம் கம்போங்கா என்று கேட்டுச் சிரித்தார்கள். நான்காவது இடம் கிடைத்தது. மலாய்க்கார இளம் மருத்துவர். "தெம்போலோக்" என்றார் தொட்டதுமே. மலாயில் இரைப்பைக்கு அதுதான் பெயர். எண்ணெயும் தடவலும் ஆரம்பக் கட்டத்து அடைப்புக்குச் சரி, இது அதைத் தாண்டிவிட்டது என்றார்.

மரத்துப்போக மருந்து கொடுத்துக் கீறினார்கள். பாட்டியின் அதே வைத்தியம், கையுறையோடு. ஒரு தட்டில் எடுத்து வந்து காட்டினார். முறுக்கிய புல் பந்து. நடுவில், நீல நிறத்தில், ஒரு முழ நீளத்துக்கு ராஃபியா கயிறு.

அந்த நீலத்தை எங்கள் இருவருக்கும் தெரியும். அப்பா பாகற்கொடிப் பந்தலுக்குக் கட்டிவைத்த கயிறு. பந்தல் சாய்ந்து புல்லுக்குள் கிடந்திருக்கிறது. என் இயந்திரம் அதையும் சேர்த்து வெட்டியிருக்கிறது.

"ரெண்டு தையலாப் போட்டீங்களா?" என்று அம்மா மலாயில் கேட்டார். பைக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று என்று மருத்துவர் சொன்னதும் திருப்தியாகத் தலையாட்டினார். கட்டிய பணத்துக்குப் பசாரில் நாலைந்து நாட்டுக்கோழி வாங்கியிருக்கலாம். ரசீதை அம்மா கண்ணில் படாமல் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வைத்தியம். ஊறவைத்துக் குழைத்த தீவனம், பொடித்த அவித்த முட்டை, ஒரு நாளைக்குப் பல தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு கரண்டிக்கு மேல் கிடையாது. தயிர் வைக்கலாமா என்று அம்மா கேட்டிருந்தார். கோழிக்குப் பாலைச் செரிக்கும் சக்தி குறைவு, நம்பி ஊட்ட வேண்டாம் என்பது மருத்துவர் பதில். காளான் கிருமிக்குச் சொட்டு மருந்து, இரண்டு வேளை. மருந்து முடிந்து அவர் சரி என்று சொல்லும்வரை முட்டையைச் சாப்பிடக்கூடாது. கூண்டில் ஒரு தட்டு நிறையப் பொடிக்கல். சிப்பித்தூள் போதாதா என்றேன். அது கரைந்து முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்பாகும், அரைப்பதற்குக் கல்தான் வேண்டும் என்றார்.

மறுநாள் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்தை இழுத்துக் காட்டும்படி அம்மாவிடம் சொன்னேன். 1 மில்லிலிட்டருக்குப் பதில் 3 வரை இழுத்தார். "கோடு தெரியலையாம்மா?" என்றேன். விளக்குக்கு அடியில் போய், கண்ணைச் சுருக்கி, சிரிஞ்சைத் தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்து, "இந்தக் கோடெல்லாம் எப்பவும் இப்படித்தான் அலையுது" என்றார் சாதாரணமாக.

அம்மாவுக்குப் பன்னிரண்டு வருடமாக இனிப்பு நீர். வருடத்துக்கு ஒருமுறை கண்ணின் உட்புறத்தைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும். சாமி படத்துக்குப் பின்னால் இருந்து சுகாதார கிளினிக் அட்டையை எடுத்துப் பார்த்தேன். தேதி போய் நான்கு மாதம் ஆகியிருந்தது.

"கண்ணுல மருந்து விட்டா வெளிச்சம் கூசும். தனியா பஸ்ஸுல வர முடியாது. நீ காலையில 4 மணிக்கே எந்திரிக்கிற. உன்னை எதுக்குத் தொல்லை பண்ணணும்?"

அவருக்காக ஒரு பாட்டு நேரத்தில்கூட அழைக்காதவர், கோழிக்காக அழைத்திருக்கிறார். சிரிஞ்சை வாங்கி, 1 என்ற கோட்டில் தங்கையின் பழைய சிவப்பு நகச்சாயத்தால் தடிமனாக அடையாளம் வைத்தேன். பிறகு கிளினிக்குக்குப் போன் செய்து புதுத் தேதி வாங்கினேன்.

அதற்கடுத்த வாரம் இந்தக் கதையை வானொலியில் இரண்டு நிமிடம் சொன்னேன். பூண்டு கொடுங்கள், சின்ன வெங்காயம் கொடுங்கள் என்று நேயர்கள் அழைத்தார்கள். ஒருவர் மசாலா அளவே சொன்னார். அம்மா அவர்மேல் இன்னும் கோபமாக இருக்கிறார்.

கண் பரிசோதனை அன்று நானே அழைத்துப் போனேன். இரண்டு கண்ணிலும் இரத்தக்குழாய்க் கசிவு தொடங்கியிருக்கிறது, பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் தருகிறோம், லேசர் தேவைப்படலாம் என்றார்கள். இன்னும் தாமதித்திருந்தால் என்று அந்தத் தாதி ஆரம்பித்தார், அம்மா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். என் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காரில் வழி முழுக்க அம்மா பேசாமல் வந்தார். வீடு நெருங்கும்போது, "அந்தப் புல்ல வாரிக் கொட்டிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"அன்னிக்கே கொட்டிட்டேம்மா."

மாலையில் கோழிகள் அடைந்ததும், கண்ணாடியைக் கழற்றாமலே கூண்டுக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எண்ணினார். ஐந்து. கடைசியாகக் கருப்பியின் கழுத்துக்குக் கீழே தடவி, "வயிறார தின்னிருக்கா" என்றார்.

மறுநாள் விடிகாலை 4.30க்கு, காரைக் கிளப்பும் முன் பின்வாசலுக்குப் போனேன். கைப்பேசி வெளிச்சத்தில் கருப்பி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. தொட்டுப் பார்த்தேன். காலி.