யத்தீம்களின் ஹெரால்டும் எண்ணெய்க் கசிவும்

அநாதைச் சிறாரின் பொருளுக்குப் பொறுப்பேற்றவர் அதை விற்க முற்படும்போது இரண்டு கடமைகளுக்கிடையே நிற்கிறார். சிறாருக்கு நல்ல விலை பெற்றுத் தர வேண்டும். வாங்குபவரிடம் பொருளின் குறையை மறைக்கவும் கூடாது. ஃபிக்ஹுப் பாடத்தில் இதைப் பல்லாண்டுகளாக மாணவர்க்குச் சொல்லி வருகிறோம். சென்ற ஆண்டு சிவகிரியில், ஒரு பழைய காரின் அடியில் படுத்தபடி அதே பாடத்தை மீண்டும் ஓதினோம்.

மர்ஹூமான நம் தமையனார் விட்டுச் சென்றவற்றுள் 1964ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஒன்று. இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டே 1961 முதல் சென்னையில் இப்பெயரில் தயாரானது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கலோட்டி. இதே சட்டகத்தைக் குறுக்கி, இதே குடும்பத்து இஞ்சினைப் பொருத்தித்தான் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரும் 1962இல் வந்தது. முன்பக்க மூடி முழுவதும் முன்னோக்கிக் கவிழும். டயர் மீது அமர்ந்துகொண்டே இஞ்சினில் வேலை பார்க்கலாம். இக்காலத்து வண்டிகளில் அந்த வசதி ஏது!

ஆனால் வண்டி நின்ற இடமெல்லாம் எண்ணெய்க் கறை. வீட்டு முற்றத்தில் மட்டுமன்று, ஜும்ஆவுக்குச் சென்றால் பள்ளிவாசல் முகப்பிலும். மதுரையிலிருந்து ஒருவர் பார்க்க வருவதாகச் சொன்னதும், மெக்கானிக் ஒருவர் யோசனை கூறினார்: "ஹஜ்ரத், நல்லாக் கழுவி, கெட்டி ஆயிலா ஊத்தி நிறுத்துனா ரெண்டு நாளைக்குப் பெருசா ஒழுகாது. பிள்ளைகளுக்குத்தானே காசு?" அவர் கெட்டவரல்லர். பிள்ளைகள் மீதுள்ள இரக்கத்தால் சொன்னார். அதனாலேயே அந்தச் சொல் கனத்தது.

மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்ட நிகழ்வை நம் பிள்ளைகளும் அறிவர். மழை நனைத்தது வியாபாரியின் குற்றமன்று; நனைந்ததை மேலே வைக்காததுதான் அங்கே கேட்கப்பட்டது. மேலும், மறைத்து விற்றால் குறை தெரிந்தபின் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. அப்போது யத்தீம்களின் பணமல்லவா திரும்பிப் போகும்?

ஆகவே கசிவைத் தேடினோம். எண்ணெய் சொட்டும் இடம் ஒன்று, பிறக்கும் இடம் வேறு. மேலே கசிவது கீழே வழிந்து, ஓட்டத்தில் காற்றால் பின்னே தள்ளப்பட்டு, எங்கோ சொட்டும். இஞ்சினை டீசலால் கழுவி, துடைத்து உலர்த்தி, முகப்பவுடரைத் தூவி, கால்மணி நேரம் ஓடவிட்டோம். பவுடரில் முதலில் எங்கே ஈரக்கோடு விழுகிறதோ அங்கேதான் கசிவு.

அதற்கும் முன் பார்க்க வேண்டியது பிரீதர் குழாய். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி வரும் புகை வெளியேற வழியின்றிப் போனால், உள்ளே அழுத்தம் கூடி இணைப்புகள் தோறும் எண்ணெயைப் பிதுக்கும். நம் வண்டியில் அக்குழாய் பாதிக்குமேல் அடைபட்டிருந்தது. அதைத் துப்புரவு செய்ததிலேயே கசிவு வெகுவாகக் குறைந்தது.

அடுத்தது டேப்பட் கவர். கசிகிறது என்று யாரோ மேலும் மேலும் முறுக்கியதில் தகட்டு விளிம்பு வளைந்திருந்தது. தட்டி நிமிர்த்திப் புதிய கார்க் பேக்கிங் வைத்தோம். பிறகு, ஆயில் சம்ப்பின் முன்னுனியில் உள்ள அலுமினியக் கட்டை. சம்ப்பின் முன் போல்ட்டுகள் இதில்தான் இறங்குகின்றன. மென்மையான உலோகமாதலால் பலமாக முறுக்கினால் மரை போய்விடும். லேத் பட்டறையில் எஃகு மரைச்சுருள் இட்டுக்கொண்டோம். அக்கட்டையின் இரு முனைகளிலும் சிறு மரச்சக்கைகளை அடித்து, மட்டமாகச் சீவிவிட வேண்டும். கார் இஞ்சினுக்குள் மரத்துண்டு என்றதும் மத்ரஸா மாணவர்கள் நம்பவில்லை!

எஞ்சியது கிராங்கின் பின்முனை. இவ்வகைப் பழைய இஞ்சினில் அங்கே ரப்பர் சீல் கிடையாது; தண்டில் வெட்டிய திருகுக்காடிதான் சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. அதைச் செப்பனிடக் கியர்பாக்ஸை இருக்கைப் பக்கமாக வெளியே எடுத்து, கிளட்சையும் ஃபிளைவீலையும் கழற்ற வேண்டும். அந்தக் கூலி பிள்ளைகளின் பணத்திலிருந்து போகும். அத்தனையும் செலவிட்டாலும் விலை அந்த அளவுக்கு உயராது. எனவே அதைத் தொடாமல் விட்டோம். செய்த வேலைக்குக் கூலி எடுக்கவில்லை. பொருள்களின் விலையை மட்டும் கணக்கில் எழுதினோம்.

வாங்குபவர் வருவதற்கு முன்னிரவு இஞ்சினுக்கு அடியில் செய்தித்தாளை விரித்தோம். விடிந்தபோது நான்கு சொட்டுகள். தாளை அப்படியே அவரிடம் நீட்டி, எங்கிருந்து விழுகிறது, ஏன் சரிசெய்யவில்லை என்று விளக்கினோம். சொன்ன விலையில் சிறிது குறைத்தார். பின்முனைக் கசிவு உண்டு என்று விற்பனைச் சீட்டில் எழுதி இருவர் சாட்சியிட்டனர்.

மதினியாரின் எட்டிலொரு பங்கு நீங்க, மீதித் தொகை மகன், மகள் இருவர் பெயரிலும் அவரவர் பங்குப்படி தனித்தனியே இருக்கிறது. கார் நின்ற இடத்தில், கறைபட்ட மண்ணை ஒரு முழம் தோண்டி அகற்றிவிட்டு, மதினியார் முருங்கை நட்டிருக்கிறார்.