கல்யாண தீர்த்தத்தில்

மலைக்குச் சென்றவர் மீளாத கதை எந்தக் காட்டிலும் உண்டு. பாபநாசநாதரைத் தரிசித்துவிட்டு மலையேறிக் கல்யாண தீர்த்தத்தை அடைந்த நமக்கும் அத்தகைய நினைவே வந்தது. பொதிகையில் பிறந்த தாமிரபரணி, பாறைகளிடையே ஆர்ப்பரித்து வீழ்ந்து மடுவில் தேங்கும் காட்சி கண்ணுக்கு விருந்துதான். ஆயினும் நெஞ்சம் கனத்தது.

1925 ஜூன் மாதத்தில், சேரன்மாதேவியில் குருகுலம் நடத்திய ஸ்ரீ வ. வே. சு. ஐயர் இங்கே வந்திருந்தார். புதல்வி சுபத்திரை கால் தவறி நீரில் வீழ்ந்தாள். காக்கப் பாய்ந்த தந்தையும் உயிருடன் கரை சேரவில்லை. 1910-இல் லண்டன் போலீஸாரின் கண்ணில் மண்ணைத் தூவி, மாறுவேடத்தில் புதுவை சேர்ந்த வீரர் அவர். அன்று அன்னிய அரசின் கைக்கு அகப்படாமல் தப்பியவரைத் தாய்நாட்டு நதியே கொண்டுபோயிற்று!

பாறைமீது ஓடிய நம் குழந்தைகளை அழைத்துக் கையைப் பற்றிக்கொண்டோம். அருவியின் அழகில் ஆழத்தை மறக்கலாகாது அல்லவா?